சென்னையில் லித்தாப்ஸ் எப்போது பூக்கும்?

2024 ஜூன் 30, ஞாயிறு

லித்தாப்ஸ் என்பது பார்க்கக் கூழாங்கல் போலவே இருக்கும் குட்டிச் செடி. தடித்த இரண்டு இலை, நடுவில் ஒரு வெடிப்பு, பூவும் புது இலையும் அந்த வெடிப்பிலிருந்துதான் வரும். அதைப் பற்றி அம்பத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "லித்தாப்ஸ் இலையுதிர் காலத்தில் பூக்கும் என்றுதான் எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது. சென்னையில் இலையுதிர் காலமே கிடையாது. அப்படியென்றால் இங்கே அதை வளர்ப்பதும் தொட்டியில் கூழாங்கல்லை வைத்துத் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான். யாராவது மறுக்க முடியுமா?"

நான் மறுக்கிறேன். நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் வருஷா வருஷம் பூக்கிறது. ஆனால் ஐரோப்பாக்காரர்கள் போட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, அந்த மாதம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பாதிப் பூவைத் தவறவிட்டுவிடுவீர்கள். மாதம் முன்னே பின்னே போகும். எந்த வகைக்குப் பிறகு எந்த வகை என்கிற வரிசை மட்டும் என் தொட்டிகளில் இதுவரை மாறியதில்லை. இந்த வருஷம் ஒவ்வொன்றாகப் பூக்கப் பூக்க இங்கேயே தேதி போட்டு எழுதுகிறேன். நீங்களும் உங்கள் மாடியில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 7

முதல் மொட்டு. சூடோட்ரன்கடெல்லா. நமீபியாவில் விந்தூக் பக்கத்து வகை, கோடை மழை வாங்கி வளர்வது. லித்தாப்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் பூப்பது இதுதான், எந்த ஊரிலும்.

வெடிப்பில் தெரிவது மொட்டா, புது இலையா என்று புதிதாக வளர்ப்பவர்கள் குழம்புகிறார்கள். வெடிப்பை விலக்கிப் பார்க்க வேண்டாம், கிழிந்துவிடும். மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மொட்டு பச்சையாக, கூர் நுனியோடு, பக்கவாட்டில் அமுங்கினாற்போல இருக்கும். புது இலை என்றால் அதன் தலையில் கோடும் புள்ளியும் கொண்ட அந்த மேல்முகம் சின்னதாகத் தெரியும். இன்னொரு அடையாளம் காலம். ஆடி, ஆவணியில் வெடிப்பு புடைத்தால் அநேகமாக மொட்டு. தை, மாசியில் புடைத்தால் இலை.

2024 ஜூலை 9

வேளச்சேரி அக்காவுக்கு: கடையில் வாங்கிய சுண்டைக்காய் அளவுச் செடி இந்த வருஷம் பூக்காது, கவலைப்படாதீர்கள். விதையிலிருந்து பூக்கக் குறைந்தது மூன்று வருஷம் ஆகும். உரம் போட்டு முடுக்கினால் உடம்பு வெடிக்கும், பூ வராது.

2024 ஜூலை 21

அம்பத்தூர்க்காரர் விடவில்லை. "பூக்கிறது சரி, ஏன் பூக்கிறது? இங்கேதான் குளிரே இல்லையே" என்கிறார். நல்ல கேள்வி. நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

லித்தாப்ஸின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும், கொஞ்சம் போட்ஸ்வானாவும். அங்கே பெரும்பாலானவை மார்ச் முதல் மே வரை பூக்கும். அது அவர்களுக்குக் கோடை முடிந்து வெயில் தணிகிற காலம். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் வந்தால் கணக்கு அரை வருஷம் தள்ளி செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று ஆகிறது.

பகல் நேரத்தைப் பாருங்கள். ஆகாம்பியே என்கிற வகை வளரும் தென்னாப்பிரிக்காவின் குருமான் பக்கம் நீண்ட பகலுக்கும் குறைந்த பகலுக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். சென்னையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். செடிக்குப் பருவம் மாறியதைச் சொல்லும் அடையாளம் இங்கே அவ்வளவு மங்கல். அப்படியும் பூக்கிறதென்றால் வேறு ஏதோ சேர்ந்து தட்டி எழுப்புகிறது. என் ஊகம், ராத்திரிச் சூடு குறைவதும் தண்ணீரும்.

இந்தச் செடி பகலில் இலைத்துளையை மூடிவைத்து ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்குகிற ரகம். கத்திரி வெயில் நாளில் ராத்திரியும் சூடு இறங்காமல் கிடக்கும்போது அதன் வேலை கிட்டத்தட்ட நின்றுபோகிறது. மே மாதம் முழுக்க என் செடிகள் சுருங்கி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகல்தான். ஆனி பிறந்து, சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்து, ராத்திரி மாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடிகிறதா, அன்றைக்கு மறுநாள் நான் முதல் தண்ணீர் கொடுக்கிறேன். அதிலிருந்து சில வாரங்களில் ஆரம்ப வகைகள் மொட்டு விடுகின்றன. தண்ணீரைத் தள்ளிப்போட்ட தட்டுகளில் மொட்டும் தள்ளித்தான் வருகிறது.

2024 ஆகஸ்ட் 4

இன்று சூடோட்ரன்கடெல்லா பூத்தது. உச்சிவெயிலில், மற்ற வகைகள் விரியும் நேரத்துக்கு முன்னாடியே விரிந்துவிட்டது. மஞ்சள், செடியையே மறைக்கிற அகலம்.

பெரம்பூர் தம்பி போன மாதம் புலம்பியிருந்தார், "மொட்டு வந்தது, வாடியது, நடுவில் பூவே வரவில்லை" என்று. தம்பி, நீங்கள் காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பி ராத்திரி திரும்புகிற ஆள். பெரும்பாலான லித்தாப்ஸ் மத்தியானம் ஒன்று, இரண்டு மணிக்கு மேல் விரிந்து பொழுது சாயும்போது மூடிக்கொள்ளும். மறுநாளும் அதே. இப்படி ஒரு வாரம் போல நடக்கும். வாரநாளில் பூத்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் காட்சி. உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 5

அம்மா பார்த்தாராம், மூன்று நாள் தொடர்ந்து! "சொல்லணும்னு தோணலை, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாராம்.

2024 ஆகஸ்ட் 18

லெஸ்லியை என்கிற வகை மொட்டு வைத்துவிட்டது, ஆகாம்பியேயும் கூடவே. இரண்டும் மஞ்சள். சென்னைக்கு முதலில் எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டைத்தான் சொல்வேன். உடம்பு பெரிது, கொஞ்சம் தண்ணீர்த் தவறைப் பொறுக்கும், மழைக்கு முன்னாலேயே பூத்து முடிக்கும்.

பூப் பருவம் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் பர்செல் ஞாபகம் வரும். ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் பர்செல் 1811 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் பிரீஸ்கா பக்கத்தில் தரையில் கிடந்த ஒரு விசித்திரமான கூழாங்கல்லை எடுத்துப் பார்க்க, அது செடியாக இருந்தது. வெளியுலகத்துக்கு லித்தாப்ஸ் தெரியவந்தது அப்படித்தான். அங்கே செப்டம்பர் என்றால் வசந்தம், பூவுக்கு நேரமே இல்லை. அந்த மனிதர் ஏப்ரலில் அந்தப் பக்கம் நடந்திருந்தால் குனிந்து கல்லைப் பொறுக்க வேண்டியிருந்திருக்காது, தரையே பூவாக இருந்திருக்கும். லித்தாப்ஸ் என்கிற பேரினப் பெயரைத் தாவரவியலாளர் என். ஈ. பிரவுன் வைத்தது 1922இல். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல்.

2024 ஆகஸ்ட் 20

"சி என்று எழுதி ஒரு எண் போட்டு விதை விற்கிறார்களே, அது என்ன?" டெஸ்மண்ட் கோல் தந்த எண். தென்னாப்பிரிக்காவில் மொழியியல் பேராசிரியர், ட்ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். மனைவி நவ்ரீனோடு காடு மேடெல்லாம் சுற்றி, செடி கிடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்தார். ஒரே வகையிலும் இடத்துக்கு இடம் நிறமும் கோலமும் மாறும், அதனால் எண் போட்ட விதை வாங்குவது நல்லது. நவ்ரீனியே என்ற வகைக்கு அந்த அம்மாவின் பெயர்தான்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். வீடு நிறையக் கொழுக்கட்டை, மாடியில் இரண்டு ஆகாம்பியே பூ.

பெரம்பூர் தம்பியிடமும் ஒரு ஆகாம்பியே பூத்திருந்தது. லித்தாப்ஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதை வேண்டுமென்றால் அதே வகையில் வேறொரு செடி, அதே நாளில், அதே மத்தியானத்தில் விரிந்திருக்க வேண்டும். பூக்கும் தேதியை ஏன் எழுதிவைக்கச் சொல்கிறேன் என்பதற்கு இதுவே முதல் காரணம். என் இரண்டும் ஒரே காயின் விதையில் வந்த கூடப்பிறப்புகள், புது ரத்தம் தேவைப்பட்டது. தம்பி தொட்டியை ஒரு ஸ்வீட் பாக்ஸில் வைத்து, பெரம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, பழவந்தாங்கலில் வந்து இறங்கினார். வழியில் ஒரு பெரியவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "எந்தக் கோயில் கல்லு தம்பி?" என்று கேட்டாராம். அதற்குள் பூ விரிய ஆரம்பித்திருந்தது. பெரியவர் சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவர், இறங்காமல் கிண்டி வரை பார்த்துக்கொண்டே வந்தாராம்.

மூன்று மணிக்கு நுனி மெலிந்த ஓவியத் தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதின் நடுவில் தடவினோம். மறுநாளும் நான் தனியாகச் செய்வேன், ஏனென்றால் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி முதல் நாளே தயாராக இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

2024 செப்டம்பர் 29

ஒலிவேசியா பூத்தது. மஞ்சள் இதழ், நடுவில் வெள்ளை வட்டம். வெருகுலோசா கிச்சிலி நிறத்தில் பூத்து முடிந்துவிட்டது, இந்த வருஷம் அதற்குச் சரியாகக் கவனம் கொடுக்க நேரமில்லை.

"மிக்ஸ்" என்று பெயர் போட்டு வாங்கிய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பூ நிறமும் பூத்த தேதியும் சேர்ந்தால் செடியின் அடையாளத்தில் பாதி கிடைத்துவிடும். ஆவணியில் பெரிய மஞ்சள் பூ என்றால் லெஸ்லியை, ஆகாம்பியே பக்கம் தேடுங்கள். ஐப்பசியில் வெள்ளை என்றால் கராஸ்மொன்டானா, ஜூலியை, சாலிகோலா. நிச்சயமாகச் சொல்ல மேல்முகக் கோலத்தையும் பார்க்க வேண்டும், ஆனால் தேடும் வட்டம் சுருங்கும்.

2024 அக்டோபர் 15

காலையிலிருந்து மழை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை இன்று அறிவித்துவிட்டது. கராஸ்மொன்டானாவிலும் சாலிகோலாவிலும் மொட்டு தலைநீட்டி நிற்கிறது. எல்லாத் தட்டும் ஷீட் கூரைக்குள்.

2024 அக்டோபர் 20

சாலிகோலா விரியவில்லை. கூரை இருக்கிறது, ஒரு சொட்டுக்கூட மேலே படவில்லை, ஆனாலும் விரியவில்லை. அம்பத்தூர்க்காரருக்கு என் பதிலில் இங்கே ஒரு பெரிய திருத்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் மொட்டு வருவதில் சிக்கல் இல்லை. வந்த மொட்டு விரிவதில்தான் சிக்கல். இந்தப் பூவுக்கு நேர் வெயிலும் சூடும் வேண்டும். மேகம் மூடிய மத்தியானத்தில் மொட்டு அப்படியே காத்திருக்கும், மறுநாளும் காத்திருக்கும், பிறகு விரியாமலே வாடும். நம் ஊருக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வெள்ளைப் பூ வகைகளில் பெரும்பாலானவை பூக்க வருவதும் அதே நேரத்தில். கூரை தண்ணீரைத் தடுக்கும், மேகத்தை என்ன செய்யும்?

இதை யோசிக்கும்போது தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் பட்டம்தான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. குறுவை, சம்பா, தாளடி என்று பிரிக்கிறார்களே, அப்படி லித்தாப்ஸையும் சென்னைக்காகப் பிரிக்கலாம். சூடோட்ரன்கடெல்லா, லெஸ்லியை, ஆகாம்பியே, வெருகுலோசா, ஒலிவேசியா எல்லாம் மழைக்கு முன்னால் முடிக்கிறவை. கராஸ்மொன்டானா, சாலிகோலா, ஜூலியை, ஹூக்கரி, புரோம்ஃபீல்டியை மழையோடு மோதுகிறவை.

2024 அக்டோபர் 22

"எல்இடி விளக்கின் கீழ் வைத்தால்?" செய்து பார்த்திருக்கிறேன். பாதி விரிந்து நின்றது. அறைக்குள் சூடும் சேர்ந்திருந்த நாளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விரிந்தது. மகரந்தம் எடுக்க அது போதும். கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பார்க்கப் போதாது.

2024 நவம்பர் 3

தீபாவளிக்கு முன்னே பின்னே வெயில் தலைகாட்டிய நாட்களில் கராஸ்மொன்டானா விரிந்தது. பால் வெள்ளை. சாலிகோலாவில் ஒரு பூவை நத்தை தின்றுவிட்டது. மழைக்காலத்தில் தட்டின் கால்களைச் சுற்றி ராத்திரியில் பார்த்துவிடுங்கள், ஒரே ராத்திரியில் இதழ் முழுக்கப் போய்விடும்.

ஜூலியைத் தட்டைப் பற்றி ஒரு விஷயம். அதற்கு இந்த வருஷம் வேண்டுமென்றே ஜூலையிலேயே முதல் தண்ணீர் கொடுத்தேன், மொட்டு முன்னாடி வந்து மழையிலிருந்து தப்புமா என்று பார்க்க. கொஞ்சம் முன்னாடி வந்தது. முதல் பூக்கள் அக்டோபர் தொடக்கத்து வெயிலில் தப்பின, மீதி மாட்டிக்கொண்டன. ஆக, தண்ணீரால் சில நாட்களை நகர்த்தலாம், ஒரு பருவத்தையே நகர்த்த முடியாது. அடுத்த வருஷமும் அதே தட்டில் அப்படியே செய்து பார்க்கப் போகிறேன், ஒரு வருஷத்து மழையை வைத்து முடிவு சொல்லக்கூடாது.

2024 டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஷீட் தாங்கியது. தட்டுகளையெல்லாம் முந்தாநாளே மாடிப்படிக்கு இறக்கியிருந்தோம். வேளச்சேரி அக்கா, உங்கள் தெருவில் தண்ணீர் எப்படி? செடியை விடுங்கள், நீங்கள் பத்திரம் என்று ஒரு வரி போடுங்கள்.

2024 டிசம்பர் 2

அக்கா பத்திரம். கரண்ட் இல்லையாம். செடிகளைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு எல்லோரும் கீழே பாய் போட்டுப் படுத்தார்களாம்.

2024 டிசம்பர் 22

ஆப்டிகா ரூப்ராவில் மொட்டு! மார்கழி பிறந்த பிறகு. இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆப்டிகாவின் ஊர் நமீபியக் கடற்கரை, லூடரிட்ஸ் பக்கம். பனிமூட்டமும் குளிர்கால மழையும் வாங்கும் இடம். அதனால் அதன் கடிகாரமே வேறு, மற்றவை முடித்த பிறகுதான் பூக்கும். வெளிநாட்டு வளர்ப்பாளர்களுக்கு இது தொல்லை, அவர்களுக்கு அந்த மாதத்தில் வெளிச்சமே இருக்காது. நமக்கு அப்படியே தலைகீழ். மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டது போல் தெளிந்து, ராத்திரி இருபது, இருபத்தொரு டிகிரிக்கு இறங்குகிற ஒரே காலம் சென்னைக்கு மார்கழியும் தையும்தான். ஆக, அக்டோபர் 20இல் நான் இரண்டாகப் பிரித்ததில் தாளடி இடம் காலியாக இருந்தது, அதில் ஆப்டிகா உட்கார்ந்துவிட்டது. ஆரம்பக்காரர்களுக்கும் கடைசிக்காரர்களுக்கும் சென்னை நல்ல ஊர். நடுவில் வருகிறவர்கள்தான் பாவம்.

2025 ஜனவரி 5

ஆப்டிகா விரிந்தது. சிவந்த உடம்பு, வெள்ளை இதழ், நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு ஒட்டினாற்போல. இரண்டு மணியிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். துணி காயப்போட வந்த மேல்வீட்டம்மா, "இதுக்குத்தான் இவ்வளவு நாளா காவலா?" என்று கேட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டார்.

அம்பத்தூர்க்காரர் இரண்டு லெஸ்லியை வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். மிகவும் சந்தோஷம். ஒரே காயின் விதையில் வந்தவையா என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள், முடிந்தால் இன்னொரு இடத்திலிருந்து மூன்றாவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விதைக்கு உதவும்.

2025 ஜனவரி 19

பொங்கல் முடிந்தது. பூத்து ஓய்ந்த லெஸ்லியைகளில் வெடிப்புக்குள் புது ஜோடி இலை தெரிகிறது. இனி அவற்றுக்குத் தண்ணீர் கிடையாது. பழைய இலையின் ஈரத்தைப் புது இலை உறிஞ்சி, பழையது காகிதமாகச் சுருங்கும்வரை கை வைக்காதீர்கள். இப்போது தண்ணீர் கொடுத்தால் பழைய ஜோடி வற்றாது, புதியது நெரிபடும், அடுத்த வருஷப் பூவும் கெடும். ஆப்டிகாவுக்கு மட்டும் கணக்கு வேறு, இப்போதுதான் பூத்திருக்கிறது, ஒரு சின்னத் தண்ணீர் தாங்கும்.

பெரம்பூர் தம்பி கேட்டது: செப்டம்பரில் சேர்த்த ஆகாம்பியே காயை எப்போது பறிப்பது? அவசரம் வேண்டாம். காய் முற்ற எட்டு, ஒன்பது மாதம் ஆகும், மே ஜூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பாகிக் காம்பு காய்ந்த பிறகு எடுங்கள். கோடை மழையில் நனையவிடாதீர்கள். தண்ணீர் பட்டதும் காயின் கதவுகள் சில நிமிஷத்தில் திறந்துகொள்ளும், அடுத்து விழும் சொட்டு விதையைத் தெறிக்கவிடும். காட்டில் அது பரவும் வழியே அதுதான், நம் மாடியில் விதை சாக்கடைக்குப் போகும். எடுத்த காயைக் காகித உறையில் போட்டு, தேதி எழுதி, நவம்பர் கடைசி வரை வையுங்கள். ராத்திரி குளிர ஆரம்பித்த பிறகு ஒரு கிண்ணத்தில் காயைத் தண்ணீரில் திறந்து விதைக்கலாம். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு, வேளச்சேரி அக்காவுக்கு இரண்டு பேர் பங்கிலிருந்தும் கொஞ்சம்.